காத்தாடக் கூட்டிப்போன சாயங்காலங்கள்

செல்லூர் தறிப்பட்டறையில் பாவு நூல் சுற்றிய இரும்பு உருளை காலில் விழுந்து, என் வீட்டுக்காரருக்கு வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பீடிப் புகை ரத்தக் குழாயைச் சுருக்கிரும்மா. ரத்தம் போகலைன்னா புண்ணு ஆறாது. இனிமே குடிச்சாருன்னா பாதத்தையே எடுக்க வேண்டியதாயிரும்."

அன்றைக்கே சட்டைப்பை, தலையணை உறை எல்லாம் தடவி, கிடைத்த பீடிக்கட்டைக் குப்பையில் வீசினேன். இனித் தொடமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். நம்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

அவரோடு தறி ஓட்டும் கூட்டாளி தினமும் சாயங்காலம் வருவார். எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு, பழத்தை வைத்துவிட்டு நோயாளியை வெளியே டீக்கடைவரை கூட்டிப்போனால்தான் பார்க்க வந்த மாதிரி இருக்கும். "தங்கச்சி, மாப்ளயைச் செத்த காத்தாடக் கூட்டிட்டுப் போறேன். வார்டுலயே கெடந்தா மனுசன் என்னத்துக்கு ஆவான்?" என்பார். நானே சக்கர நாற்காலியைப் பிடித்து, இவர் மடியில் துண்டைப் போர்த்தி, "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று அனுப்பி வைப்பேன். திரும்பி வரும்போது பீடி வாடை அடித்தால், பக்கத்தில் எவனோ குடித்தான் என்பார் இவர்.

புண் ஆறவில்லை. கட்டைப் பிரித்தபோது ஓரமெல்லாம் கறுத்திருந்தது. மருந்து சரியில்லை என்று நர்ஸம்மாவிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் அந்தத் துண்டை எடுத்து விரித்துக் காட்டினார். பொட்டுப் பொட்டாகத் தீய்ந்த ஓட்டைகள். தினமும் அதைத் துவைத்துக் காயப்போட்டவள் நான். எலி கடித்திருக்கும் என்று நினைத்தேனே, பாவி!

"ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி," என்றார் இவர்.

பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

மறுவாரம் கூட்டாளி வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். பொய் அழுகை இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள மொகமே வாடிக் கெடக்கு தங்கச்சி. செத்த காத்தாட..." என்று இழுத்தார்.

"கூட்டிட்டுப் போங்கண்ணே," என்றேன். "இன்னொரு காலு முழுசா இருக்குல்ல."

கூட்டாளி தலை குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் கையை நீட்டி, அந்தத் துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.