தடவ மறுத்த கை

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில் இது நடந்தது. கண்டிக்குப் பக்கத்திலுள்ள கம்பளையில் ஒரு புடவைக் கடையில் முப்பத்து நான்கு வருடங்களாக விற்பனையாளனாக நிற்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. கேட்ட நிறம் இல்லாவிட்டால் அதற்குத் தம்பி முறையான நிறத்தையாவது விரித்துப்போட்டு வாங்க வைத்துவிட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சில மாதங்களாகவே தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்தால் சட்டை ஏறி இறங்கும். முதுகிலும் மந்தமான ஒரு வலி. மனைவி டொக்டரிடம் போகச் சொன்னாள். நான் கேட்டால்தானே? வாய்வு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்தேன், பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். எதற்கும் மசியவில்லை என்றதும், இது குடலேற்றம்தான் என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் ஆட்களுக்கு வயிற்றில் எது துடித்தாலும் குடல் ஏறிவிட்டது என்றுதான் பேச்சு. எண்ணெய் போட்டுத் தடவி இறக்கிவிட்டால் தீர்ந்தது.

நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வயிறு தடவும் பெண் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பௌர்ணமி விடுமுறைக்குக் கடை மூடியிருந்த போயா நாள் காலையில் மனைவியோடு பஸ் ஏறினேன். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. கொழுந்து பறிப்பவர், லீவு நாட்களில் இது. நான் கொடுத்த வெற்றிலை பாக்கை வாங்கி வைத்துவிட்டுப் பாயில் படுக்கச் சொன்னார். கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தொப்புளுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை மெதுவாக வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் அப்படியே இருந்தார். பிறகு கைகளை எடுத்துவிட்டார்.

"ஐயா, குடலு இப்படி துடிக்காது. என் ரெண்டு கையையும் வெளிய தள்ளுது. நான் தடவ மாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தவனை வெறுமனே திருப்பி அனுப்புவதா? தொழில் தெரியாவிட்டால் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஏன் உட்காருகிறாய் என்று, வாசலில் காத்திருந்தவர்கள் காதில் விழும்படியே கேட்டேன். அவர் என் வயிற்றிலிருந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். வெற்றிலையைத் திருப்பித் தந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் பேசினார்.

"அக்கா, இவரு கோவத்துல வேற எங்கயாச்சும் போயி அமுக்கச் சொல்லுவாரு. யாரையும் கைய வைக்க விட்டுறாதீங்க. நேரா கண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க."

என் மனதில் ஓடியதும் அதுதான். கம்பளையில் வயிறு தடவும் இன்னொருவர் இருந்தார். வழியில் இறங்கி அவரிடம் போய்விடலாம் என்றிருந்தேன். கண்டி பஸ் கம்பளைக்கு வந்ததும் எழுந்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இருதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய இரத்தக் குழாய், வயிற்றுக்குள் பலூன் மாதிரி ஊதிப்போயிருந்தது. எந்த நேரமும் வெடிக்கலாம், வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், "வயித்தை ஆரும் அமத்தி உருவினவையோ?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைதான் உங்களைக் காப்பாத்தினது," என்றார்.

வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். கிழிக்கவில்லை. இரண்டு தொடை இடுக்கிலும் சின்னத் துளை போட்டு, சுருக்கி மடித்த ஒரு துணிக் குழாயை இரத்தக் குழாய்க்குள்ளாலேயே மேலே கொண்டுபோய், ஊதிய இடத்தில் விரித்துவிட்டார்கள். இனி இரத்தம் அதற்குள்ளால் ஓடும், ஊதிய சுவரில் அழுத்தம் விழாது. தொழில் புத்தி விடுமா? என்ன துணி என்று கேட்டேன். பொலியெஸ்டர் என்றார் டொக்டர். உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி அதைத் தள்ளிவைத்துத்தான் எத்தனையோ பேருக்குப் பருத்தி விற்றிருக்கிறேன். நான்காம் நாள் நடந்தே வீட்டுப் படியேறினேன். குழாய் ஊதியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டொக்டர் சொன்னதால், சிகரெட்டை அன்றோடு விட்டேன்.

உடம்பு தேறியதும் ஒரு நல்ல பருத்திச் சேலையோடு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்த மன்னிப்பெல்லாம் வாசலில் மறந்துபோயிற்று. கும்பிட்டேன், அழுகை வந்துவிட்டது. அவருக்குத்தான் பெரிய சங்கடம். உட்கார வைத்துப் பாலில்லாத பிளேன்டீ தந்தார். என் வயிற்றில் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெரியலங்க ஐயா. குடல் இல்லேங்கிறது மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. தெரியாததுல கைய வைக்கலாமா?"

இப்போது வருடா வருடம் ஸ்கேனுக்குப் போய் வருகிறேன். கடையில் கேட்டது இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிப் பக்கத்துக் கடைக்கு வழி காட்டுகிறேன். முதலாளி முறைக்கிறார், முறைக்கட்டும். முப்பத்திரண்டு வருடங்களாக யாரிடமும் 'இல்லை' என்று சொல்லாமல் இருந்த வாய் இது. தன்னால் முடியாது என்று ஒரு பெண் சொன்னதால்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.