தறி நின்றால் பேசும் ரேடியோ

கேட்கவும் திருப்பிப் பேசவும் முடிகிற எங்கள் ஹாம் ரேடியோவுக்கு மாதத்தில் ஒரே நாள்தான் உயிர் வரும். அது அமாவாசை. நகரியில் அன்றைக்குத்தான் தறிகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் தெரு முழுக்க விசைத்தறி மோட்டார்கள் ஓடும். ரேடியோவைத் திருகினால் அப்பளம் பொரிகிற சத்தம்தான் கேட்கும். உலகத்தோடு பேச ஆசைப்படுகிறவன் பிறக்க வேண்டிய தெருவா அது!

எனக்கும் எதிர்வீட்டு நண்பனுக்கும் ஒன்றாகத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒன்றாகவே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினோம். சென்னைக்குப் போய் கிட் வாங்கி வருவோம். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், கூடவே மங்கிப்போன சர்க்யூட் படம் ஒன்று. பெட்டி மட்டும் நம் பாடு. சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் கழித்த பெரிய டின்னை வெட்டி மடக்கிச் செய்துகொண்டோம். சால்டரிங் ஐயனைப் பக்கத்தில் கொண்டுபோனால் முதலில் மாம்பழ வாசனைதான் வரும். இன்று கையளவு போனில் அமெரிக்காவில் இருப்பவன் முகமே தெரிகிறது. இருக்கட்டும், இதில் அந்த வாசனை இல்லை.

செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலையை நண்பனின் அம்மாவிடம் கொடுத்தோம். நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பழகிய கை அல்லவா, கம்பியையும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றித் தந்தாள். பார்க்க அவ்வளவு அழகு. ரேடியோ மட்டும் ஊமை. ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகச் சுற்ற வேண்டும் என்றேன்.

"அப்டி சுத்தினா நூலு சரிஞ்சிப்பூடும்டா. இதுகூடத் தெரியாம எதுக்கு ரேடியோ பண்றீங்க?" என்றாள்.

அந்த வருஷங்களில்தான் நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாகப் பேப்பரில் எழுதினார்கள். எங்கள் தெருவில் அந்தக் கதவு வழியாக முதலில் வெளியே போனவன் நண்பன்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயும் ஒரு செட் வைத்துக்கொண்டு, அமாவாசை தவறாமல் லீவு போட்டு என்னோடு பேசினான். ஆபீஸில் அவனுக்குப் பெரிய பக்திமான் என்று பெயர்.

திடீரென்று அமெரிக்காவுக்கு உத்தரவு வந்தது. ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு அத்தையை அழைத்துப்போனேன். பின்னால் ஆட்கள் நின்றதால் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கிளம்பும் நாள் காலையில் ரேடியோவில் வருவதாக என்னிடம் சொல்லியிருந்தான். அன்று அமாவாசை இல்லை.

"பூத்துல ஒரு வார்த்தை பேச வரலடா. உன் பொட்டில பேசிக்கறேன்," என்றாள் அத்தை.

"லைசென்ஸ் இல்லாதவங்க பேசக் கூடாது அத்தை. கேக்கலாம். அதுவும் தறி ஓடிக்கினு இருந்தா ஒண்ணும் கேக்காது."

"தறிய நான் பாத்துக்கறேன்."

அவன் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் தெருமுனையில் லைன்மேனிடம் அவள் தெலுங்கில் கெஞ்சுவதைப் பார்த்தேன். "அரகண்ட சாலு நைனா," அரை மணி போதும் என்கிறாள்.

மறுநாள் சொல்லிவைத்த நேரத்துக்குக் கரண்ட் போனது. தெருவே வெளியே வந்து திட்டியது. அத்தை குரல்தான் எல்லாருக்கும் மேலே. "இவனுங்களுக்கு இதே வேலையாப் போச்சு! நாங்க பொழைக்கறதா வேணாமா?" திட்டி முடித்து, முந்தானையைச் செருகிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

செட்டை ஸ்கூட்டர் பேட்டரியில் போட்டேன். பக்கத்து அறையில் இருப்பவன் போல நண்பன் குரல் வந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல மைக்கின் பட்டனை அழுத்தினேன்.

"ஏண்டா, வேளைக்குத் துன்னு," என்றாள் அத்தை.

"அத்தை, பேசக் கூடாது!"

"நான் எங்கடா அவங்கிட்ட பேசறேன்? உங்கிட்டதான பேசிக்கினு இருக்கேன்."

பட்டன் அழுந்தியிருக்கும் வரை இங்கே பேசுவதெல்லாம் அவனுக்குக் கேட்கும்; விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துச் சொன்னாள். "குளுருல காத மூடிக்கோ. ஒடம்புக்கு வந்தா மறைக்காத. லீவு கெடச்சா ஓடியாந்துடு. அங்கியே இருந்துடாதடா." அவன் போகிறான், நான் போகவில்லை என்று அதுவரை உள்ளுக்குள் பொறாமைதான். அந்த நிமிஷம் அது எங்கே போனதோ தெரியவில்லை. சென்னையைத் தாண்டி எங்கும் போகப்போகாத நான் ஒவ்வொன்றுக்கும் "சரி அத்தை, சரி அத்தை" என்றேன்.

பட்டனை விட்டேன். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல், உடைந்துபோய்: "எல்லாம் கேட்டுச்சிடா. எனக்கும் சேத்து நீயே சொல்லிடு."

மறுபடி அழுத்தினேன். அத்தை என் கன்னத்தில் கைவைத்து, "போயிட்டு வாடா," என்றாள்.

"போயிட்டு வரேன் அத்தை," என்றேன்.