பாத்து வெட்டுங்க

இது கதையில்லை. பட்டப்பகலில், என் அக்கா வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

வீட்டை விற்பதாக இருந்தார்கள். வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்க வருவதாகப் பேச்சு. உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. வெளியேதான் காடு. புல் முழங்காலைத் தொட்டது. செடிவேலி ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து வீட்டையே மறைத்தது.

அந்த வேலிக்குள் ஒரு குளவிக்கூடு. தண்ணீர் விடும்போது அக்கா பார்த்திருக்கிறாள். பானை அளவு.

“தோட்ட வேலைக்கு வர்றவங்ககிட்ட முதல்ல அதைச் சொல்லிடு,” என்றார் மாமா, அக்காவின் கணவர்.

“சொன்னா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. அப்புறம் கூட்டைக் கலைக்க வேற ஆள் தேடணும். அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடும்.”

“கொட்டிடுச்சுன்னா?”

“அவங்க பாக்காத குளவியா? பாத்துக்குவாங்க.”

சனிக்கிழமை காலை ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரியும் இன்னொருவரும் புல்வெட்டும் மெஷினை இறக்கினார்கள். பெரிய கத்தரியோடு வேலிப்பக்கம் போனவர் நல்ல உயரம். நெட்டை என்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

“இவன் இருக்கிறவரைக்கும் எங்களுக்கு ஏணியே வேணாம்மா,” என்றார் மேஸ்திரி.

“ஏணி டீ கேக்காது. நான் கேப்பேன்,” என்றார் நெட்டை.

அக்காவும் சிரித்துவிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

“பாத்து வெட்டுங்க,” என்றாள்.

அவ்வளவுதான் வந்தது.

“உங்க ரோஜாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

வேலியோரம் ரோஜாச் செடிகள் இருந்தன. அவள் திருத்தவில்லை.

சரக்... சரக்... கத்தரிச் சத்தம் சமையலறை வரை கேட்டது. வேலி பாதி முடிந்திருக்கும். சத்தம் நின்றது. பிறகு ஓர் அலறல்.

அக்கா ஓடிவந்தபோது நெட்டை புல்லில் கிடந்தார். இரண்டு கைகளும் முகத்தின் மேல். மேஸ்திரி ஒரு சாக்கைப் போர்த்தி அவரை இழுத்துக்கொண்டிருந்தார்.

“கூடு இருக்கிறது உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாதே.”

குரல் வந்த பக்கம் நெட்டையின் முகம் திரும்பியது. கண்கள் வீங்கி மூடியிருந்தன.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணி. மாமா வெளியே போயிருந்தார்.

சரக்...

ஜன்னலுக்கு வந்தாள். வெட்டி முடித்த பாதி வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அந்த உயரம் வேறு யாருக்கு உண்டு? அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“உடம்பு தேவலையா? இன்னைக்கே ஏன் வந்தீங்க?”

சரக்... சரக்...

வெயில் கொளுத்தியது. கிளைகள் விழுந்தன. தரையில் பட்ட சத்தம் கேட்கவில்லை.

தலை திரும்பியது.

கண்கள் மூடியே இருந்தன. நேற்றைவிட வீங்கி...

“பாத்து வெட்டுங்கன்னு சொன்னீங்க.”

சரக்.

“எதைப் பாக்கணும்மா?”

குளவி. ஒரே சொல். அக்கா வாயைத் திறந்தாள்... வரவில்லை.

கதவைச் சாத்தினாள்.

சத்தம் நின்ற பிறகுதான் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. வேலி மட்டம் பிசகாமல் இருந்தது. ரோஜாவில் ஓர் இதழ்கூட உதிரவில்லை.

மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

“முடியாத மனுஷனை ஏன் அனுப்பினீங்க?”

மறுமுனையில், பின்னால் யாரோ அழுவது கேட்டது.

“யாரைச் சொல்றீங்கம்மா? நெட்டை விடியக்காலையிலயே செத்துட்டான். அவன் வீட்லதான் எல்லாரும் இருக்கோம்.”

அக்கா ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தாள்.

“ராத்திரி முழுக்க ஒண்ணையே கேட்டுக்கிட்டிருந்தான். எதைப் பாக்கணும், எதைப் பாக்கணும்னு... எங்களுக்குப் புரியல. நீங்க அவன்கிட்ட ஏதாவது சொன்னீங்களாம்மா?”

“ஒண்ணும் சொல்லலையே.”

அது உண்மைதான்.

போனை வைத்தாள். வேலியில் வெட்ட எதுவும் மிச்சமில்லை.

சரக்...