சவரி அண்ணனின் பங்கு

போன வாரம் சிம்பாங் பூலாயில் ஒரு சீனர் கடையில் மகள் மான் கறி வாங்கிக் கொடுத்தாள். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு வதக்கியது. பஞ்சு மாதிரி இருந்தது. பல்லுக்கு வேலையே இல்லை. "நல்லாருக்காம்மா?" என்றாள். தலையாட்டினேன். இரண்டாவது வாய் இறங்கவில்லை. ஏனென்று அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் புதுப்பெண்ணாக வந்தபோது எனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். முதன்முதலில் மான் கறி கிடைத்ததும் ஆட்டுக்கறி என்ற நினைப்பில் அடுப்பை எரியவிட்டுக் கொதிக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை வெகுநேரம் மென்றுவிட்டு, "செருப்புத் தோலாட்டம் இருக்கு, சப்பாத்து தைக்கலாம்லா" என்றார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்குப் பலகைச் சுவர் வழியே அது கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே வந்தார்.

"கொழுப்ப வழிச்சி எடுத்துரு, ஆறுனா வாயில மெழுகாட்டம் ஒட்டும். வெள்ளச் சவ்வையும் உரி. கவிச்சி அதுலதான் இருக்கு."

பிறகு புளித்த கள்ளில் ஊறவைத்து, மிளகும் எலுமிச்சை வாசமடிக்கும் செராய்ப் புல்லும் தட்டிப் போட்டு, கங்கு நெருப்பில் மெல்ல வேகவிட வேண்டும். ஆனால் பாதி ருசி காட்டிலேயே முடிவாகிவிடும் என்பார் அக்கா. அது அவர் கணவர் சவரி அண்ணனின் வேலை. மான் விழுந்த இடத்திலேயே ரத்தம் வடித்து, குடலை எடுத்து, ரோமம் கறியில் படாமல் தோலை உரித்து, இலைமேல் ஆறவிட்ட பிறகுதான் சாக்கில் வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் கூட்டாளி முனியாண்டியும் விடியலில் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போனார்கள். மதியம் முனியாண்டி மட்டும் மோட்டார் சைக்கிளில் சாக்கோடு வந்தார்.

"அவரு எங்க?" என்றார் அக்கா.

"உரிக்கிற கத்திய மான் அறுத்த எடத்துலயே விட்டுட்டாருக்கா. எடுத்துட்டு வாரேன், நீ கறிய கொண்டு போ, வெயில்ல கெட்டுரும்னாரு."

அக்காவும் நானும் உட்கார்ந்து சவ்வு உரித்தோம். கறி வெந்து எல்லா வீட்டுக்கும் கிண்ணம் போனது. அண்ணனுக்குப் பிடித்த தொடைக்கறியை அக்கா ஒரு சட்டியில் தனியே எடுத்து வைத்தார். பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை.

தோட்டமே தேடியது. போலீசும் வந்தது. மான் அறுத்த இடத்தில் இலைகள் கிடந்தன, கத்தி இல்லை. அந்த இடம்வரை திரும்பிப் போய்க் கத்தியை எடுத்திருக்கிறார். அதற்கப்புறம் ஒரு தடமும் இல்லை. முனியாண்டி அதன்பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. கொஞ்ச நாளில் ஊரைவிட்டே போய்விட்டார்.

அக்கா அந்தச் சட்டியைக் கொட்டவில்லை. ரப்பர் மரம் சீவப் போகுமுன் ஒரு தரம், திரும்பி வந்து ஒரு தரம் சூடு பண்ணுவார். சுவரைத் தாண்டி வரும் மிளகு வாசனையில்தான் எனக்கு விழிப்பு வரும். கறி கறுத்தது, நாரானது, நாரும் பொடியானது. "போதும்க்கா" என்றேன் ஒருநாள்.

"பசியோட வந்தார்னா? நீ ஆக்குறத அவரு திம்பாரா?" என்று சிரித்தார்.

தோட்டம் விலைபோய், லயங்கள் இடிந்து, நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அக்கா தெலுக் இந்தானில் மகனோடு இருந்தார். அந்தக் காட்டை வீடமைப்புக்காக அழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பி வந்தார். நானும் கூடப் போனேன். இயந்திரங்கள் மண்ணைப் புரட்டப் புரட்ட, நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்தார். வேலை முடிந்து இறங்கிய ஓட்டுநரிடம், "எலும்பு, கத்தி, ஏதாச்சும் கெடச்சதா தம்பி?" என்றார்.

"ஒன்னும் இல்லக்கா. வெறும் மண்ணுதான்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "காடு இருக்குற வரைக்கும் உள்ளதான் இருக்காருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்லா. இனிமே எங்க இருக்காருன்னு நெனைக்கிறது?"

எதிரே மலையடிவாரம் வரை ஒரு மரம் இல்லை.