கருவாட்டுக்கு மேல் தொங்கிய சிடி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளிலும் என் எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் கம்பி மில்லில் இடுக்கிதான். எந்த ‘ல’, எந்த ‘ள’ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாயம்மா வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே பாயம்மாவும் அவர் மகளும், மகளின் நான்கு மாதப் பெண் குழந்தையும். மகளின் கணவர் சவுதியில் பாலைவனத்துக்குள் எண்ணெய்க் குழாய் போடும் வேலையில் இருந்தார். குழந்தை பிறப்பதற்கு முன்பே போனவர். அந்த முகாமில் போன்கூடச் சரியாகக் கிடைக்காது. பல மாதத்துக்கு ஒரு தடவைதான் டவுனுக்கு வருவார். குழந்தையைக் கேமராவில் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

கம்ப்யூட்டர் வந்த அன்று அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் குப்பையில் போடச் சொல்லி பாயம்மா என்னிடம் கொடுத்தார். பெட்டிக்குள் காகித உறையில் ஒரு சிடி இருந்தது. அதன் மேல் பாட்டுப் பெயரும் இல்லை, படப் பெயரும் இல்லை. சும்மா வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் மனைவி மாடியில் கருவாடு காயவைப்பாள், காக்காய்த் தொல்லை தாங்காது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பாதி மாடிகளில் சிடி தொங்கும். வெயிலில் அது பளிச்சென்று திரும்பினால் காக்காய் கிட்டே வராது. நானும் நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நம் ஊர் நேரம் நாலு மணிக்கு மகளின் கணவர் அங்கே டவுனில் நெட் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் இருப்பார். அப்புறம் கம்பெனி வேன் முகாமுக்குக் கிளம்பிவிடும். முந்தின நாள் பார்த்து கம்ப்யூட்டரில் வைரஸ். வெள்ளி மதியம் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டார். எனக்கு நைட் ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். மேசையை நகர்த்த என்னைக் கூப்பிட்டார்கள்.

“நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் வோணும். பெட்டியோட ஒரு சிடி குடுத்திருப்பாங்களே, எங்க?” என்றார் மெக்கானிக்.

பாயம்மா பீரோவைத் திறந்து புடவைகளையெல்லாம் வெளியே எடுத்தார். மகள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அது எந்தச் சிடி என்று எனக்குப் புரிந்தது. மாடிக்குப் போய் நூலை அறுத்து, சிடியை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

மெக்கானிக் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். “இன்னாணா, கம்ப்யூட்டருக்குக் கருவாட்டுக் குழம்பு வெச்சியா?”

பாயம்மா சிரித்துவிட்டார். “நான்தாம்பா பொட்டியக் குப்பையில போடச் சொன்னேன். அவரு இன்னா பண்ணுவாரு?” மகள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காற்றில் சுவரோடு உரசி உரசி சிடி முழுக்கக் கீறல். கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட்டு அதை வெளியே துப்பிவிட்டது.

“நெட்லதான் எடுக்கணும். ஆனா டிரைவர் இல்லாம இந்த ஊட்ல நெட் வராது. யாராவது பிரவுசிங் சென்டருக்குப் போவணும்.”

“நான் போறேன்” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

மெக்கானிக் கார்டைக் கழற்றி செய்தித்தாளில் சுற்றி, தன் பென்டிரைவோடு கொடுத்தார். “இதுல இருக்கற நம்பரப் பாத்து அவனே எடுத்துக் குடுப்பான். நான் மத்ததப் போட்டுக்கினு இருக்கேன்.”

பஜார் சென்டர் ஜும்மா தொழுகைக்காகச் சாத்தியிருந்தது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்த சென்டருக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே வேலைக்கு விண்ணப்பம் போடும் பையன்கள் வரிசையில் நின்றார்கள். என் முறை வர வெகு நேரம் ஆயிற்று. கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர்ல இருக்கறது விண்டோஸ் 98-ஆ, எக்ஸ்பி-யாணா?”

புரியவில்லை.

“ஊட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளு. வாசல்லயே ஒரு ரூபா போன் இருக்கு.”

பின்னால் ஒருவன், “டிரைவரோ கிளீனரோ, எதுனா ஒண்ணு சொல்லிட்டு நகருணா!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாயம்மா வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கடைக்காரர் சொன்ன இரண்டில் 98 ஒன்றுதான் எனக்குத் தெரிந்த சொல். “98-ஆ?” என்று அவர் மறுபடி கேட்டதும் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது மூன்றரை. மெக்கானிக் கார்டை மாட்டி, பென்டிரைவைச் சொருகி என்னென்னவோ செய்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “98-க்கு உள்ளதக் குடுத்துட்டான், அறிவுகெட்டவன். இது எக்ஸ்பி! பேஜாராப் போச்சு.”

அறிவுகெட்டவன் கடைக்காரர் இல்லை என்று நான் சொல்லவில்லை.

மெக்கானிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். நாலு மணி தாண்டியதும் வீட்டு போன் அடித்தது. மகள்தான் எடுத்தாள். “இதோ ஆயிடும்... கொஞ்ச நேரம் இருங்க.” மறுபடி அடித்தபோது, “வண்டி வந்துடுச்சா?” என்றாள். போனைக் குழந்தையின் வாயருகே வைத்தாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த குழந்தை, அந்த நேரம் பார்த்து ஒரு சத்தமும் போடவில்லை. மெக்கானிக் வந்து சரியான டிரைவரைப் போட்டபோது திரையில் கேமரா படம் தெளிவாக வந்தது. அதில் குழந்தையும் அவளும் மட்டும் தெரிந்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து மகளின் கணவர் ஊருக்கு வந்தார். குழந்தை அவரைக் கண்டதும் ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றது. “உன் அப்பாடி, வாப்பாகிட்ட போ” என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாலு மாதக் குழந்தை அன்றைக்குப் பார்த்திருந்தாலும் அதற்கு நினைவிருக்காது. ஆனால் அவருக்கு இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தார். “போட்டோவுல பாத்தேண்ணா. ஆனா கைக்குழந்தையில நெசமா எப்படி இருந்தா? நீங்கதான தூக்கிக்கினு இருப்பீங்களாமே?” என்று கேட்டார். அன்றைக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். போன மாதம் அவர் எல்லாரையும் சவுதிக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை குழந்தை மஞ்சள் சட்டை போட்டிருந்தது. இடது கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. அதைத் தானே தேய்த்துக் காது வரைக்கும் இழுத்துவிட்டது. கேமராவில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக் கையை நீட்டியது. பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தது. அந்த விளக்குக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல வெகு நேரம் சிரித்துக்கொண்டே இருந்தது. நான் பார்த்தேன்.

8 பிப்ரவரி 2009, ஞாயிற்றுக்கிழமை.