சிவப்புத் துணி கட்டாத குழி

1991-ல் படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினோம். யார் குழி வெட்டினாலும் சுற்றிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி. பக்கத்து மனைக்காரரோ, தெருவோரமாகக் கழிவுநீர்த் தொட்டிக்கு ஆளுயரக் குழி வெட்டி அப்படியே விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தில் பகை எதற்கு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மழை நாளில் தெருவும் குழியும் ஒரே தண்ணீராகிவிட்டன. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் சைக்கிளோடு உள்ளே போய்விட்டார். அலறல் கேட்டு ஓடி, கைக்குக் கிடைத்த புடவையை வீசித்தான் கரையேற்றினேன்.

அந்த மனிதர் சாவகாசமாக வந்து கேட்கிறார்: "இன்னாம்மா, பள்ளம் கீதுன்னு தெரியும்ல? பாத்து வரக்கூடாதா?"

இப்போது யார் பூமி பூஜைக்கு அழைத்தாலும் நாலு கம்பும் சிவப்புத் துணியும்தான் என் அன்பளிப்பு. முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.