ஒரு டம்ளர் உறை மோர்

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அடி வாங்காத ஆளே கிடையாது. குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்ததற்காக ஒருத்திக்கு மண்டை உடைந்து நாலு தையல் போட்டார்கள். கணக்குப் போடத் தெரியாததற்கு என் முதுகில் மர ஸ்கேல் ஒன்று முறிந்தது. சீட்டாட்டத்தில் வாய்த்தகராறு முற்றி, கூடப் பிறந்த தம்பியின் காதையே ஒருவர் கடித்துத் துப்பினார். அந்தத் தெருவை விட்டு வந்தவர்கள் இன்று எங்காவது கல்யாணத்தில் பார்த்தால், "அப்பல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம்" என்று உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பம் மாதிரிதான் இருந்தோம். அதனால்தான் அவ்வளவு அடி.

எதிரெதிரே ஆறும் ஆறும் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆண்கள் பெரும்பாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்திலோ பிரஸ்ஸிலோ நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருந்தவன் பிரஸ் மெஷினுக்கு இரண்டு விரலைக் கொடுத்தவன். மீதி எட்டு விரலால் பெண்டாட்டியை அடித்தான். நான் அவனை மாமா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவன்' என்று எழுதுவதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது.

அவன் மனைவியை அக்கா என்போம். ஒல்லியான உடம்பு, சத்தமாகச் சிரிப்பாள். எனக்குப் பேன் பார்த்துப் பின்னிவிடுவாள். அவளை அடிக்கும் சத்தம் கேட்டதும் தெருவில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஆண்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பெண்களில் ஒருத்தி டம்ளரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள்.

"ஏன் அடிக்கிறே" என்று கேட்டால், "எம் பொண்டாட்டி, உனுக்கின்னா?" என்பான். உறை மோர் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. வாசலில் ஒருத்தி டம்ளரோடு நிற்கும்போது அவன் கையை இறக்கித்தான் ஆகவேண்டும். அக்கா எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டி மோர் எடுத்து வருவாள். மெதுவாகத்தான் எடுப்பாள். வாங்க வந்தவளும் லேசில் நகரமாட்டாள். ரேஷனில் பாமாயில் போட்டார்களா, தண்ணீர் லாரி வருமா என்று நின்றபடியே பேசுவாள். அதற்குள் அவனுக்குச் சலித்துப்போய், சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் வந்தவள் வீடு திரும்புவாள். விளக்கு வைத்த பிறகு பாலோ மோரோ உப்போ வெளியே கொடுக்காத தெரு அது. அந்த ஒரு வீட்டில் மட்டும் யாரும் நேரம் பார்க்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வீட்டு மோரைப் பெண்கள் வாங்கிவந்து சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். டிவியில் படம் ஆரம்பித்திருந்தது. குழாயடியில் வழுக்கி விழுந்து கால் வீங்கியிருந்ததால், அம்மா பற்றுப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். எதிர் வீட்டில் பாத்திரம் உருண்டது. பிறகு தொம் தொம்மென்று சத்தம். அப்பா கையை நீட்டி டிவியின் ஒலியைக் கூட்டினார்.

அம்மா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். "போடி, அக்காவாண்ட போயி கொஞ்சம் ஒற மோரு வாங்கினு வா" என்றாள்.

"நம்ம ஊட்லயேதான் தயிரு கீதே."

"வாங்கினு வான்னா வாங்கினு வா. சீக்கிரம் போ."

படம் போய்விடுமே என்ற எரிச்சலில் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் நின்று, "அக்கா, ஒற மோரு" என்று கத்தினேன். உள்ளே சத்தம் நின்றது. அக்கா வரவில்லை. அவன் வந்தான். பனியன் நனைந்திருந்தது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான்.

"இன்னா பாப்பா?"

"ஒற மோரு, மாமா."

"அவ்ளோதானே, குடு." டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவன் நிமிஷத்தில் திரும்பி வந்தான். "பாத்துப் போ. கீழ ஊத்திக்காத."

டம்ளர் நிறைய, விளிம்பு தளும்பத் தந்திருந்தான். அதைச் சிந்தாமல் கொண்டுபோவதிலேயே என் கண் இருந்தது. எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். கேட்டது.

அம்மாவிடம் டம்ளரை நீட்டினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்ற பெருமை வேறு. அம்மா டம்ளரைப் பார்த்தாள். உறை ஊற்ற ஒரு கரண்டி போதும். முழு டம்ளர் தருகிறவர்களுக்குப் பால் தோய்த்துப் பழக்கமில்லை.

"யாரு குட்தது?"

"மாமா."

என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. டம்ளர் பறந்தது. எழுந்திருக்க முடியாத அம்மா அந்தக் காலோடு தெருவைக் கடந்து ஓடினாள். கதவைத் தட்டவில்லை. "எல்லாரும் வாங்கடி" என்று கத்தினாள். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். யாரோ அம்மிக் குழவியைத் தூக்கிவந்து தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு போடு போட்டார்கள். கதவு பிளந்தது.

அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தாள். இடது கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் தாடை வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்திருந்தது. பக்கிள் தொங்க, பெல்ட் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. பெண்கள் அவனை முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தார்கள். விளக்குமாறு, கரண்டிக் காம்பு, பிளாஸ்டிக் குடம், கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தார்கள். அம்மா குழவியைத் தூக்கியபோது இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் ஜெயிலுக்குப் போயிருப்பாள். நான் நன்றாகப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் டிவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

கண் போய்விட்டது. அவன் போலீஸ், கோர்ட்டு என்று அலைந்து, பிறகு வேப்பம்பட்டில் யாரோ உறவுக்காரர் வீட்டோடு போய்விட்டான் என்றார்கள். எங்கள் தெருப் பக்கம் வரவே இல்லை. அம்மா அந்த டம்ளரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவோடு பல மாதம் பேசவில்லை.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு நாள், அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழு வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் போவாம நின்னிருந்தா உங்க கண்ணு போயிருக்காது இல்லக்கா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ கொயந்த. உனுக்கின்னா தெரியும்" என்றாள். அடுத்த கொத்தை எடுத்து உருவியபடி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "அவன் அடிக்கும்போதெல்லாம் ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிப்பேன். அன்னிக்கும் மூடிகினுதான் இருந்தேன். உங்கொரலு கேட்டுச்சி. சரி, வந்துட்டாங்க, அவ்ளோதான்னு கைய எடுத்துட்டேன்."

இப்போது நான் பட்டாபிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே எல்லாருமே பாக்கெட் தயிர். ஆனாலும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் டம்ளரோடு ஏறிப்போய் மணியடிக்கிறேன். அந்தப் புருஷன் கதவைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்பான். அந்தப் பெண் எழுந்து வரும்வரை, அவள் முகத்தை நான் கண்ணால் பார்க்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.